கள்ளிக்குப்பத்துக் கடற்கரை

அத்தை பிறந்து வளர்ந்த எங்கள் வீட்டுக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவர், "இன்னாக்கா இது, கடலே இல்லாத கள்ளிக்குப்பத்துல சிப்பி கீது" என்று மண் ஒட்டிய கையை நீட்டியதும், அத்தை வாக்கப்பட்டுப் போன கடலோர ஊர் மொத்தமும் எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

மதியமானால் கடைக்காரர் முதல் நாய் வரை எல்லோரும் தூங்கிப்போகும் ஊர் அது. கோடை விடுமுறைக்குப் போய் இறங்கியதுமே நானும் தம்பியும் கடலுக்கு ஓடப் பார்ப்போம். வாசல் தென்னை நிழலில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருக்கும் மாமா, கண்ணைத் திறக்காமலே, "கடல் எங்க போயிடப் போவுது, சாப்ட்டுட்டுப் போங்க" என்பார். ஊர் திரும்பும்போது பாவாடை மடிப்பிலும் டிபன் பாக்ஸிலும் சிப்பியும் ஈர மணலுமாக அடைத்துக்கொண்டு வந்து, ரயிலில் உதிர்ந்தது போக மிச்சத்தை, அம்மா திட்டத் திட்ட, இதே கொல்லையில் கொய்யா மரத்தடியில் கொட்டிப் பரப்பி, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பீச் காட்டுவோம்.

மாமா சொன்னபடி கடல் எங்கேயும் போகவில்லை. ஏறி வந்தது. கரையையும் தென்னைகளையும் அத்தை வீட்டுத் தெருவையும் வருஷா வருஷம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே நாங்கள் எடுத்து வந்துவிட்டது அதற்குத் தெரியாது.

சிப்பிகளைக் கழுவித் தட்டில் பரப்பி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் அத்தைக்கு வீடியோ காலில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி மாமாவுக்குக் குரல் கொடுத்தாள்.

"என்னாங்க, எயுந்து வாங்க. நம்ம கரை எங்கயும் பூடல. எங்கம்மா ஊட்ல கீது."