சாலை பார்த்த தேதி

கடையின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அவளுக்குச் சொந்தப் பெயர். மற்றபடி முதலாளியிலிருந்து வண்டி துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் வளைவக்கா. துறைமுகத்திலிருந்து வடக்கே போகும் கடற்கரைச் சாலையில் எத்தனை வளைவு என்று கேட்டால், கண்ணைக்கூட மூடாமல் முன்னூற்றுப் பதினொன்று என்பாள். அதில் எத்தனை வளைவில் கடல் தெரியும், எத்தனையில் நாய் துரத்தும் என்றும் சொல்வாள்.

மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடும் கடை அது. கீழே வண்டிகளும் பட்டறையும். மேலே ஒரே ஜன்னல் வைத்த அறை, இரண்டு மேசை, சுவர் நிறைய வரைபடம். ஃபோன் எடுக்கத்தான் அவளை முதலில் வேலைக்கு வைத்தார்கள். எடுத்த ஃபோனெல்லாம் வழி தவறிய வாடிக்கையாளர்களுடையது. பாலம் எங்கே, பெட்ரோல் எங்கே, நாங்கள் இப்போது எங்கே நிற்கிறோம் என்று கேட்பார்கள். பார்க்காத சாலைக்கு எத்தனை நாள் வழி சொல்வது? முப்பத்தோரு வயதில் பட்டறை முற்றத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். நாலு முறை விழுந்தாள். ஐந்தாம் முறை விழாமல், மதில் வரை போய் முட்டிக்கொண்டு நின்றாள். மெக்கானிக் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதன் பிறகு ஒவ்வொரு பருவமும் தொடங்குவதற்கு முன், கடையின் மிகப் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புவாள். நாற்பதுக்கு மேல் போகமாட்டாள். பெட்ரோல் டேங்கின் மேல் ரப்பர் பட்டையில் ஒரு நோட்டு. காற்று பக்கவாட்டில் தள்ளும் இடம், மழைக்குப் பின் பாசி பிடிக்கும் பாலம், கழிப்பறை சுத்தமாக இருக்கும் பெட்ரோல் நிலையம், எல்லாம் அதில் ஏறும். போகும்போது கடல் இடப்பக்கம் வரும், வெயில் கண்ணில் அடிக்காமல் முதுகில் விழவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பும் நேரத்தை வைப்பாள். "ஊர் சுத்துறதுக்குச் சம்பளமும் குடுத்து வண்டியும் குடுக்கிறாங்க, குடுத்து வச்சவ," என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பாராட்டா, குத்தலா என்று கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை.

மூன்று நாள் பயணத்துக்கு நாலு பக்கத் தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுப்பார்கள். வெறும் இடமும் வலமுமாக இராது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதியிருப்பாள். "இந்த ஏற்றத்தில் வண்டி முனகும், பயப்படாதீர்கள்." "இங்கே தேநீர் சுமார்தான், ஆனால் பெஞ்சு கடலைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்." தாளின் அடியில் கடைசி வரியாக, சாலை பார்த்த தேதி. தான் வண்டியில் போய்ப் பார்த்த நாள். அதை அவளாகத்தான் போட ஆரம்பித்தாள், யாரும் போடச் சொல்லவில்லை. "வண்டி எல்லாக் கடையிலயும் இருக்கு, இந்தத் தாள் நம்மகிட்டதான் இருக்கு," என்று முதலாளி பெருமை பேசுவார். ஒன்பது வருடம் அப்படியே ஓடியது.

பத்தாவது வருடம், முதல் நாள் சாலையைப் பார்த்து முடித்துத் திரும்பிய மாலையில், ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்த அவள் கணவர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பன்னிரண்டு நாள் மருத்துவமனையில். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுதான் அவளுக்கு வீடு. இடையில் இரண்டு பகல் தங்கையை உட்கார வைத்துவிட்டு ஓடிப்போய் மூன்றாம் நாள் சாலையையும், இரண்டாம் நாளில் பாதியையும் பார்த்துவிட்டு வந்தாள். பாக்கி முப்பத்தெட்டு கிலோமீட்டர். அதற்குள் முன்பதிவு செய்தவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

முதலாளி மருத்துவமனை வராந்தாவுக்கே வந்து நின்றார். கையில் ஆரஞ்சுப் பை.

"அந்த முப்பத்தெட்டுக்குப் போன வருஷத்து எழுத்தையே போட்டுடுங்க. ரோடு எங்க ஓடியா போயிடப் போகுது?"

"பாக்காம எப்படிங்க தேதி போடுறது?"

"தேதியில்லாம குடுத்தா நாலு பேரு கேப்பான். ஒரு வாரம் கழிச்சுப் போய்ப் பாத்துக்கங்க. இப்போதைக்கு மத்ததுக்குப் போட்ட தேதியையே போட்டுடுங்க. யாருக்கு என்ன கெட்டுப்போகுது?"

அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. உள்ளே கணவர் தண்ணீர் கேட்டு முனகினார். சரி என்றாள். அந்த ஒரு வாரம் இரண்டு வாரமாகி, ஐந்து வாரமும் ஆனது.

ஆறாவது வாரம் ஒரு மருந்துக் கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். இருவருமாகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் கடை நடத்தியவர்கள். சேர்ந்தாற்போல மூன்று நாள் ஷட்டரை இறக்கியது அதுவே முதல் முறை. வேண்டாத சாமான்களை ஒரு பையில் போட்டு அலுவலகத்தில் வைத்துவிட்டு, தலைக்கவசம் சரியாகப் பொருந்துகிறதா என்று ஒருவருக்கொருவர் தட்டிப் பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, அந்த முப்பத்தெட்டு கிலோமீட்டருக்குள், பாறைச் சரிவின் மேல் இருக்கும் ஒரு வளைவில் அவர்கள் வண்டி சறுக்கியது. அவர் கைப்பிடிச் சுவரில் மோதி அங்கேயே உயிர்விட்டார். மனைவிக்கு இடக்கை மணிக்கட்டு முறிந்தது.

செய்தி அன்று பகலில் வந்தது. வளைவக்கா தாளை எடுத்துப் பார்த்தாள். அந்த இடத்துக்கு அவள் எழுதியிருந்த வரி: "பாறை முடிந்ததும் சட்டென்று இடப்பக்கம் பாருங்கள். கடல் முழுசாகத் திறக்கும்."

மறுநாள் விடிந்ததும் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். வளைவுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் உள்பக்கமாக ஒரு மண் பாதை புதிதாகப் பிரிந்தது. கல் உடைக்கும் ஆலைக்குப் போகும் பாதை. லாரிகள் அங்கிருந்து ஏறித் திரும்பும்போது சிந்திய சரளை, வளைவு முழுக்கப் பட்டாணி தூவின மாதிரி கிடந்தது. ஓரத்தில் மண்வெட்டியோடு நின்ற சாலைப் பணியாளரிடம் கேட்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆலை தொறந்து ஆறேழு மாசம் இருக்கும். நான் தள்ளத் தள்ள அவன் கொட்டிக்கிட்டே போறான்."

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே அந்த வளைவைக் கடந்தாள். ஓட்டக் கை வரவில்லை.

விசாரணை நாலு நாளில் முடிந்தது. ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். சரளையைப் பற்றி ஒரு வரி இருந்தது. தாளைப் பற்றி ஒன்றுமில்லை, யாரும் அதைக் கேட்கவுமில்லை. முதலாளி அவள் மேசைக்கு வந்து, பழைய தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிடும்படி மெதுவாகச் சொன்னார். அவள் ஒன்றை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாள் விட்டுப்போன பையை வாங்க வந்தாள். கையில் மாவுக்கட்டு, கூடத் தம்பி. வளைவக்கா பையை எடுத்துக் கொடுத்துப் பதிவேட்டை நீட்டினாள். கையெழுத்துப் போட்டவள் நிமிராமலே பேசினாள்.

"நான்தாங்க காட்டினேன். பின்னாடி உக்காந்து தாளைப் படிச்சிட்டே வந்தேன். பாறை முடிஞ்சதும், 'அங்க பாருங்க, அங்க பாருங்க'ன்னு தோளைத் தட்டிக் கை நீட்டினேன். அவரு பாட்டுக்கு ரோட்டைப் பாத்துத்தான் ஓட்டிட்டிருந்தாரு."

"அக்கா, போதும்க்கா," என்றார் தம்பி.

வளைவக்கா கைப்பையைத் திறந்தாள். முதலாளி எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார். அவள் பதிவேட்டை மூடினாள். "பாத்துப் போங்க," என்று மட்டும் சொன்னாள்.

 ஒரு நாள், தடி ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவருக்குக் கோபம் வந்தது.

"கேக்காத கேள்விக்கு நீயா போய் ஏன் பதில் சொல்லணும்? போனவரு திரும்பியா வரப்போறாரு?"

"அந்தம்மா தான்தான் கொன்னுட்டோம்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

"அப்ப நானுந்தான் கொன்னேன். நான் விழுந்ததாலதானே நீ போகல? என் பேரையும் சேத்து எழுதிக் குடு."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அவளால் அவரைத் தொட முடியவில்லை.

அப்படியே நாலு மாதம் தள்ளினாள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு, மூன்று பஸ் மாறி அந்த மருந்துக் கடைக்குப் போனாள். ஒரு ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் அந்த அம்மாள் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டிக் கடையிலேருந்து வரேன்."

"தெரியுது. பையை எடுத்துக் குடுத்தவங்க."

"அந்தத் தாளை எழுதினது நான்தான்."

அந்த அம்மாளின் முகம் கொஞ்சம் இளகியது. "நீங்களா? நல்லா எழுதியிருந்தீங்க. முதல் நாள் ரூம்ல உக்காந்து ரெண்டு தடவை சத்தமாப் படிச்சாரு. 'யாரோ கூடவே வர்ற மாதிரி இருக்கு, இல்ல?'ன்னாரு."

நின்ற இடத்திலேயே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது வளைவக்காவுக்கு. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல கடைசியா ஒரு தேதி இருக்கும். சாலை பார்த்த தேதின்னு. அது பொய். அந்த வளைவுக்கு நான் இந்த வருஷம் போகவே இல்ல."

அதற்குள் ஒருவர் சீட்டோடு வந்தார். அந்த அம்மாள் சீட்டை வாங்கிப் படித்து, அட்டையைக் கத்தரித்து, காலை ஒன்று, மாலை ஒன்று என்று உறையில் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு திரும்பினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். ஆலை, சரளை, மருத்துவமனை வராந்தா, முதலாளி, தேதி. எதையும் விடவில்லை.

"போயிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

"கடலைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்கன்னு எழுதியிருப்பேன்."

அந்த அம்மாள் கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். "பையை வாங்க வந்தேனே, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"பயமா இருந்திச்சு."

"உங்களுக்குப் பயம். நான் நாலு மாசமா இந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இதாலதானே காட்டினோம், வெட்டிப் போட்டா என்னன்னு." குரல் உயரவில்லை. "எழுதிக் குடுப்பீங்களா?"

பில் புத்தகத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் வெள்ளையாக இருந்த தாளையும் பேனாவையும் நகர்த்தினாள். உட்காரச் சொல்லவில்லை. வளைவக்கா நின்றுகொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டு, கைப்பையிலிருந்த தாளையும் அதன் மேல் வைத்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்வேன்னு நினைச்சு வந்திருந்தீங்கன்னா, அது என்கிட்ட இல்ல."

"அதுக்கு வரல," என்றாள். அது உண்மையா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். முழு உண்மையில்லை என்றுதான் பட்டது.

மறு விசாரணை வந்தது. தேதி போடச் சொல்லவேயில்லை என்று முதலாளி சாதித்தார். அவள் தன்மேல் இருந்ததைத் தன்மேலேயே ஏற்றுக்கொண்டாள், அவர்மேல் இருந்ததையும் சொன்னாள். கடையின் உரிமத்தை நிறுத்தினார்கள். கல் ஆலைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போனது, லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வண்டிகளை ஒவ்வொன்றாக யார் யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். கடைசி நாள் மெக்கானிக் தன் ஸ்பேனர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே சொன்னார்:

"நீங்க செஞ்சது சரிதான்க்கா. ஆனா என் வீட்டுல போய் அதை நான் எப்படிச் சொல்றது?"

அவள் சாக்கின் வாயைப் பிடித்துக் கொடுத்தாள்.  அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். மற்றவர்கள் அதுவும் இல்லை.

இப்போது அவளுக்கு மருத்துவமனைத் துணிகள் வெளுக்கும் கூடத்தில் வேலை. கொதிநீர் மெஷினிலிருந்து வரும் விரிப்புகளை இரண்டு பேராக நின்று உதறி மடிப்பது. எதிரில் நிற்பவள் வாயாடி, அதனால் இவள் பேச வேண்டியதில்லை. அவள் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து பேசாத கணவர் மறுபடி பேச ஆரம்பிக்க ஒரு வருடம் ஆனது. முதலில் பேசியது, "குழாய் ஒழுகுது," என்பதுதான். அவள் எழுந்து போய் மூடினாள்.

இரண்டாம் வருடம் ஒரு மதியம், கூடத்து மேற்பார்வையாளர் உனக்கு ஃபோன் என்று கூப்பிட்டார். மெஷின் இரைச்சலில் முதலில் யாரென்று புரியவில்லை. ரிசீவரின் நீள வயரை இழுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போனாள்.

"மருந்துக் கடையிலேருந்து பேசறேன்," என்றது குரல். "உங்களைக் கண்டுபிடிக்க நாலு இடம் கேட்டேன். ஒண்ணு தெரியணும். அன்னைக்கு ஒண்ணும் ஆகியிருக்கலைன்னா, அதுக்கப்புறம் நாங்க எங்க போயிருப்போம்?"

வளைவக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். சொல்ல ஆரம்பித்தாள். வளைவுக்கு அப்புறம் ஒரு இறக்கம் வரும், ரெண்டு பக்கமும் வயல், கடல் கொஞ்ச நேரம் மறைஞ்சுடும். பாலம் தாண்டி ஒரு கிழவர் நுங்கு வெட்டி வச்சிருப்பார், அங்க நின்னிருப்பீங்க. மதியத்துக்கு மேல சாலை நேரா மணலுக்குப் பக்கத்துலயே போகும், ஹாரன் அடிக்கவே தோணாது. சாயங்காலம் தங்குற எடத்துல மேல் மாடி ரூமைக் கேக்கச் சொல்லி எழுதியிருந்தேன். மறுநாள் காலைல கலங்கரை விளக்கம், நூத்து முப்பது படி, அவரு ஏறியிருப்பாரு, நீங்க பாதியில உக்காந்திருப்பீங்க...

"போதும்," என்றாள் அந்த அம்மாள்.

 மறுமுனையில் ஃபோனை வைக்கும் சத்தம் கேட்டது. இவளும் ரிசீவரை வைத்துவிட்டு உள்ளே போனாள். விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றவள், "எங்க போனே, கை வலிக்குது," என்றாள். வளைவக்கா மறு முனையைப் பிடித்தாள்.