விழ மறுத்த மாமா

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் ஆண்டு விழா என்றால் நாடகம் இல்லாமல் இருக்காது. அந்த வருடம் கராத்தே நாடகம். தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை பார்த்தவர் எழுதியது. சீடர்களைக் கொடுமைப்படுத்தும் மாஸ்டர் வேஷம் அப்பாவுக்கு. அவரிடம் உதைபட்டு விழுந்து, கடைசியில் பழிவாங்கும் சீடனாக அம்மாவின் தம்பி, என் மாமா. அவர் அப்பாவை 'மாமா' என்பார், அப்பா அவரை 'மாப்ள' என்பார்.

அப்பா திருநெல்வேலிக்காரர் என்றாலும் பரம சாது. வீட்டுக்குள் நுழைந்த பூனையைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார். ஒத்திகையில் கால் தூக்கினாரே தவிர, உதைக்க வரவில்லை. அம்மாதான் வழி சொன்னாள்.

"உங்க வெள்ளைச் சட்டையில சொட்டு நீலத்தைக் கொட்டிட்டேனே, அன்னிக்கு ஒரு பார்வை பார்த்தீங்கல்ல? அதை நெனச்சிக்கினு உதைங்க."

உதை சரியாக வந்துவிட்டது.

மாமாவுக்கு மண்ணூர்பேட்டையில் லேத் வேலை. பூந்தமல்லியில் பெண் பார்த்துவிட்டு வந்து, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? யாரிடமும் சொல்லாமல் பெண் வீட்டாரை நாடகத்துக்கு அழைத்துவிட்டாள். பெண்ணும் வந்திருந்தாள். எல்லோருக்கும் முன்வரிசையில் நாற்காலி.

இரண்டாவது காட்சியில்தான் மாமா அவர்களைப் பார்த்தார். அப்பா உதைத்தார். மாமா அசையவில்லை. அப்பா மறுபடி உதைத்தார். மாமா நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"விழுங்க மாப்ள, விழுங்க" என்று அப்பா கிசுகிசுத்தார்.

"பொண்ணு ஊட்டுக்காரங்க குந்திகினு கீறாங்க மாமா. எப்படி விழுறது? மானம் போயிடும்."

தலைக்கு மேல் மைக் தொங்குவதை இருவருமே மறந்துவிட்டார்கள். மைதானம் முழுக்க இது ஸ்பீக்கரில் ஒலித்தது. ஒரே விசில். மாமாவின் முகம் வெளிறிவிட்டது.

அப்பா ஒரு கணம் யோசித்தார். மூன்றாவது முறை ஓங்கி உதைத்தார். மாமாவின் வயிற்றில் கால் பட்டதும், பாறையில் மோதியவர் போல "அம்மா!" என்று அலறி, அப்பா தானே மல்லாந்து விழுந்தார். இடுப்பில் நிஜமாகவே அடி. மாமா வசனத்தை மறந்து ஓடிப்போய் அவரைத் தூக்கினார்.

"மாமா, அடி பட்டுச்சா? என்னால தானே?"

அதுவும் மைக்கில் கேட்டது. கொடூர மாஸ்டர், சீடன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி உள்ளே போனார். அதற்குமேல் பழிவாங்க என்ன இருக்கிறது? அரை மணி நேரம் முன்னதாகவே திரையை இழுத்துவிட்டார்கள். நாடகம் எழுதியவர் ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

நான்காம் நாள் பூந்தமல்லியிலிருந்து சம்மதம் வந்தது. கல்யாணமாகி வந்த பிறகு அத்தையிடம் கேட்டேன்: "மாமா விழாம நின்னாரே, அதைப் பார்த்துதான் பிடிச்சுதா?"

அத்தை சிரித்தாள். "அவரு நின்னது எனக்குப் பெருசாவே தெரியல. உங்க அப்பா உழுந்தாரு பாரு, அப்பவே எங்க அம்மா காதுல சொல்லிட்டேன், இந்த ஊட்டுக்கே போறேன்னு."