கால் மாத்திரை

குன்னூரில் நான் ஒரு மாதம் தங்கியிருந்த விடுதியில் சமையல் செய்தவர் அந்த அம்மா. புடவைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், தலையில் கம்பளிக் குல்லா, அதிகம் பேசமாட்டார். பின்னறையில் ஒரு பூனையோடு தனியாக இருந்தார். பூனைக்கு இதய நோய். காலையும் மாலையும் கால் மாத்திரை கொடுக்க வேண்டும். குளிர்ந்த கை பட்டால் அது மிரளும் என்று, முதலில் டீ டம்ளரைப் பிடித்துக் கைகளைச் சூடாக்கிக்கொள்வார்.

பந்தலூரில் மகளுக்குக் குழந்தை பிறந்தபோதும் அவர் கிளம்பவில்லை.

"பூனை மாத்திரைக்கு எங்கிட்ட மட்டுந்தானுங்க வாயைத் தொறக்கும்," என்றார்.

இரண்டு நாள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வற்புறுத்தி அனுப்பிவைத்தேன்.

அன்று மாலை அவர் செய்வதுபோலவே செய்தேன். பூனை சமர்த்தாக விழுங்கிவிட்டது. சற்று நேரத்தில் அவர் போன் செய்தார்.

"மாத்திரை சாப்பிட்டுச்சுங்களா?"

"உடனே சாப்பிட்டுடுச்சும்மா. நீங்க நிம்மதியா இருங்க."

"அப்படீங்களா," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மதியமே திரும்பி வந்து, பையைக்கூட இறக்காமல் பூனையைத் தேடினார். 'உங்களைத்தான் தேடுதும்மா' என்று அன்று போனில் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.