சாப்பிடலை, குடிச்சேன்

“ரத்தம் உறிஞ்சவா இத்தனை வருஷம் படிச்ச? அதுக்கு நம்ம வாய்க்கால்ல கிடக்கிற அட்டை போதுமேடி!”

லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து ஊருக்குப் போனபோது அத்தை இப்படித்தான் சொன்னார். அப்பாவின் அக்கா. நாற்றுக்கட்டும் கையுமாக நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கேலி எனக்குப் புதிதில்லை. ஆனாலும் ‘அட்டை’ என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

போன புரட்டாசியில் அதே அத்தை, தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் பரிசோதனை நிலையத்துக்கு வந்தார். கண்ணில் புரை. களை எடுக்கும்போது பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறார் என்று யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டும்.

“சாப்பிட்டீங்களா அத்தை?”

“இல்லடி. எடு, அட்டை” என்று கையை நீட்டினார்.

சர்க்கரை எகிறியிருந்தது. ஆபரேஷன் தள்ளிப்போகலாம் என்றேன். பதிலுக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப இந்தக் களைக்கும் நான் வயலுக்குப் போக முடியாதா?” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வேறொரு சோதனைக்காக அவரிடம் எடுத்த ரத்தம் மீதி இருந்தது. டாக்டரிடம் கேட்டு, அதில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்தேன். அது சரியாகவே இருந்தது. அப்படியானால் இன்று காலையில்தான் ஏதோ நடந்திருக்கிறது. அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எழுந்ததுலேர்ந்து என்ன பண்ணுனீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“வாசல் தெளிச்சேன். மாட்டை மாத்திக் கட்டினேன். ஒரு சொம்பு நீராகாரம் குடிச்சேன். பஸ் ஏறினேன்.”

“நீராகாரமா?”

“ரெண்டு கை சோத்தக் கரைச்சுக் குடிச்சேன். குடிச்சதுதானே? நீ சாப்பிட்டியான்னுல்ல கேட்ட!”

சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் தட்டில் போட்டால்தான் சாப்பாடு. சொம்பில் இருந்தால் அது குடிக்கிறது. இந்தக் கணக்கு எந்த மெஷினுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று என் அறையிலேயே அத்தையைத் தங்க வைத்தேன். மறுநாள் எழுந்ததும், பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவிடாமல் ரத்தம் எடுத்தேன். சர்க்கரை அளவோடு இருந்தது. ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த அன்று என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அட்டைக்கு மூக்கு இவ்வளவு எடுப்பா? யாரும் சொல்லவே இல்லையே!”

இப்போது நான் யாரிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. எழுந்ததிலிருந்து வாயில் என்ன பட்டது என்றுதான் கேட்கிறேன். அதுவும் போதவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் பஸ் ஏறுவதற்கு முன் சொம்பைத் தூக்கிவிடுகிறார்கள். நானே ஊருக்குப் போய் ரத்தம் எடுத்து வருகிறேன் என்று டாக்டரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

மடியில் ஐஸ் பெட்டியோடு, எங்கள் ஊர் வழியாகக் குடவாசல் போகும் முதல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். போனில் அத்தை யாரையோ அதட்டுவது கேட்கிறது: “வைடி சொம்ப! அட்டை வந்துக்கிட்டிருக்கு.”