மீன் தெரியும், மூஞ்சி தெரியாது

ஆஸ்பத்திரியில் கண் விழித்த என் மனைவி என்னை யாரோ எவரோ என்று பார்த்தாள். நான் வாயைத் திறந்த பிறகுதான் "நீயா?" என்றாள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததில் கை கால் தப்பித்துவிட்டது, முகங்கள் போய்விட்டன. கண்ணில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். கண் அனுப்புவதை மூளைதான் இன்னதென்று சொல்கிறதாம். அதில் முகங்களுக்கென்றே ஓர் இடம் இருக்கிறதாம், அடி அங்கே. மூக்கு தெரியும், வாய் தெரியும், சேர்த்துப் பார்த்து இன்னார் என்று சொல்ல வராது.

அவள் திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். வாடிக்கைக்காரரை முகம் பார்த்துக் கூப்பிடாவிட்டால் அந்த வியாபாரம் ஓடாது. இனி கடையில் உட்கார முடியுமா என்பதுதான் அவள் கவலை.

"மீனெல்லாம் நல்லா தெரியுது. மனுசங்கதான் எல்லாரும் ஒரே மாரி கீறாங்க" என்று அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

மறுபடி உட்கார்ந்த முதல் நாளே வம்பு. துணைக்கு நானும் போயிருந்தேன், ஆனால் அவள் வாடிக்கைக்காரர்களை எனக்குத் தெரியாது. பல வருஷமாக வாங்கும் டீச்சரம்மாவுக்கென்று நல்ல சங்கரா மீனாகப் பார்த்து ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த டீச்சரம்மாவே வந்து, பேசாமல் அதன்மேல் கை வைத்தார்.

"அத்த தொடாதம்மா, வேற ஆளுக்கு எட்து வெச்சது" என்றாள் இவள்.

அவர் முகம் சுருங்கித் திரும்பிப் போய்விட்டார். "இன்னாடி, அவங்கதான அது" என்று பக்கத்துக் கடைக்காரி சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தில், கடையை ஏறக்கட்டு என்றேன். அவள் கேட்கிற ஆளா? எழுந்து நின்று மார்க்கெட்டுக்கே கேட்கும்படி சொன்னாள்: "எனக்கு மூஞ்சி தெரியாது. வர்றவங்க கொரல் குட்த்துட்டு வாங்க."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய்க்கா பஞ்சம்? மறுநாளிலிருந்து, "யக்கா, நான்தான், தல வேணாம்னு சொல்ற ஆளு" என்று தெருமுனையிலேயே கத்திக்கொண்டு வந்தார்கள். டீச்சரம்மாவும் வந்து, சன்னக் குரலில் "நான்தாம்மா" என்றார். அன்று எங்கள் வீட்டில் பண்டிகைதான்.

போன வாரம் எனக்கு ஓர் ஆசை. புதுச்சட்டை போட்டுக்கொண்டு, குரல் கொடுக்காமல், வாங்க வந்தவர்களோடு போய் நின்றேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னா, வூட்ல வேல இல்லியா?"

"மூஞ்சி தெரியுதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல" என்றாள், செதிலைச் சுரண்டிக்கொண்டே. "மீன் வாங்க வர்றவன் மீனப் பாப்பான். நீதான் என்னியே பாத்துகினு நிக்கிற."