உள்ளே யாராவது இருக்கீங்களா

அத்தை என்னிடம் முதலில் கேட்டது, "அந்தப் பொண்ணு நெஜமாவே கத்தினாளாடி?" என்றுதான்.

அரண்மனையின் பின்வாசலை ஒட்டி, ஊழியர்கள் பை வைக்கும் அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கத்தினாள் என்றேன். கதவைத் தட்டினாளா என்றாள். தட்டினாள் என்றேன். அந்தக் கதவு ஒரு சாண் கனம், உள்ளே யானை நின்று பிளிறினாலும் வெளியே கேட்காது என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "நீ அப்போ எங்க நின்னே?" என்றாள்.

"கிணத்துக்கிட்ட."

"அங்க கேட்டுச்சா?"

கேட்டது என்றேன். கிணறு இருப்பது இரண்டு முற்றங்கள் தள்ளி.

அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா போனபின் எங்களோடு இருக்கிறாள். அந்தப்புரத்தின் கதவுகளை அடைப்பது அவள் வேலை. வீட்டு வாசலில் அவள் தலை தெரிந்தால் அப்பா, "மகாராணி வந்தாச்சு" என்பார். "நாள் பூரா கதவோட மல்லுக்கட்டிட்டு வரேன், இதையாவது நீ எந்திரிச்சுத் தொறக்கக் கூடாதா?" என்று அவளும் விடமாட்டாள். நான் அதே அரண்மனையில் பார்வையாளர்களுக்கு இரண்டு மொழியில் விளக்கம் சொல்கிறேன். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் என் குரல் முன்னால் நிற்பவர்களுக்கே எட்டாது.

கதவடைக்க ஒரு முறை உண்டு. மூடும் நேரம் வந்ததும் கடைசி அறையில் தொடங்கி வெளியே வர வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டு, எதிரொலி அடங்கும்வரை காத்திருந்து தாழிட வேண்டும். அறைக்குள் அறையாக, தூணுக்குப் பின்னால் படியாகக் கிடக்கும் அந்த இருட்டில் கண் எல்லா மூலைக்கும் போகாது. காதைத்தான் நம்ப வேண்டும்.

அது வார விடுமுறைக்கு முந்தின நாள். தரைக்குக் கீழே இருக்கும் குளியல் மண்டபத்தில் சுவர் ஓவியம் பார்க்க ஒரு பெண் இறங்கியிருந்தாள். அத்தை கூப்பிட்டாள். "இதோ வரேன்" என்று கீழிருந்து பதில் வந்தது. அத்தை காத்திருந்தாள். பிறகு தாழைப் போட்டாள். பூட்டை மாட்டுவதற்காகக் கதவில் இடது கையை ஊன்றியபோதுதான் உள்ளங்கைக்குக் கீழே மரம் அதிர்ந்தது.

சத்தம் கேட்டு நான் ஓடி வருவதற்குள் திறந்துவிட்டாள். அந்தப் பெண்ணின் உதடு வெளுத்திருந்தது. "பதில் சொன்னேனே" என்று திரும்பத் திரும்ப அத்தையிடம் சொன்னாள். மறுநாள் அந்தப் பக்கம் ஈ, காக்கை வராது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையைத் திருப்பித் திருப்பி மணி பார்ப்பதால் நாங்கள் 'கடிகாரம்' என்று அழைக்கும் மேற்பார்வையாளர் வந்து, அவசரத்தில் பூட்டிவிட்டாயா என்றார். ஆமாம் என்றாள் அத்தை.

அதன்பிறகு பூட்டிய கதவுகளை மறுபடி திறந்து கூப்பிட ஆரம்பித்தாள். கூப்பிட்டு, மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் மரத்தில் வைத்து நிற்பாள். தட்டத் தெம்பில்லாமல் ஒருத்தர் விழுந்து கிடந்தால் கை என்ன சொல்லும் என்று என்னிடம் கேட்டாள். வீட்டிலும் குளியலறைக் கதவில் கை வைத்துப் பார்த்தாள். "நான்தான் உள்ள இருக்கேன் மகாராணி, பூட்டிடாத" என்று அப்பா கத்தினார். அவருக்குக் கேலி. அவள் முகத்தைப் பார்த்தவள் நான்தான்.

டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"காது போச்சுன்னு அவர் சொல்லிட்டா வேலையும் போச்சுடி. வீட்ல உட்காந்து உங்கப்பன் பண்ற கேலியக் கேக்கலாம்னா, அதுவும் கேக்காது."

அடுத்த விடுமுறைக்கு முந்தின நாள், என் கடைசிக் கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தேடிப் போனேன். குளியல் மண்டபத்தின் வாசலில் நின்றிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. கீழே இறங்கும் படிகளில் முதல் சில மட்டுமே தெரிந்தன. சாவிக்கொத்து அவள் கையில் நிற்காமல் குலுங்கியது. அந்தச் சத்தம் அவளுக்கு எட்டவில்லை. நான் தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். என் உதட்டையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"கூப்பிடறத நான் கூப்பிட்டுக்கறேன். நீ பக்கத்துல நின்னு, பதில் வருதான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி, இன்னொரு தடவ நல்லாக் கேளுடி."