தோளில் இருந்த கை

திருவொற்றியூரில் பேனர் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் ஒரு மீனவ இளைஞர், கடலில் இறந்துபோன நண்பனுக்கு அஞ்சலி பேனர் கேட்டு வந்தார். செல்போன் படத்தில் இருவரும் படகில் தோளோடு தோள் நின்றார்கள்.

நண்பனை மட்டும் வெட்டியெடுத்துப் பின்னணியை நீக்கினேன். அவன் தோள்மேல் கிடந்த கையையும் அழித்து, அங்கே சட்டையை நிரப்பிப் பெருமையாகக் காட்டினேன்.

"அந்தக் கைய இன்னாத்துக்குண்ணே எடுத்தே? அது என் கை."

"தனியா ஒரு கை தெரிஞ்சா நல்லா இருக்காது தம்பி."

"கடல்ல இந்தக் கையாலதான் அவனப் புடிச்சுகினு இருந்தேன். நழுவிட்டாண்ணே."

அந்தக் கையைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

வேலை தெரியாதவன் செய்த பேனர் என்று சிலர் சொன்னார்களாம். சொல்லட்டும். யாருடைய படத்தில் எது வேண்டாதது என்று இப்போதெல்லாம் நானாக முடிவு செய்வதில்லை.